செப்டம்பர் 9 அன்று விளையாட்டில் என்ன நடந்தது?

ஏற்காட்டில் ஒரு மலைக்கிராமப் பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் கேட்ட கேள்விக்கு இது பதில். அவர்கள் பள்ளியில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தினமும் ஒரு மாணவர் 'இந்த நாளில் விளையாட்டு' என்று இரண்டு நிமிடம் வாசிக்க வேண்டும். செப்டம்பர் 9 அவருடைய எட்டாம் வகுப்பின் முறை. தேடிப் பார்த்ததில் சச்சின் முதல் ஒருநாள் சதம் அடித்த நாள் என்பது கிடைத்திருக்கிறது, மற்றபடி வரிசையாக அமெரிக்க டென்னிஸ். "நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒட்டுகிற மாதிரி அந்தத் தேதியில் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்கிறார்.

இருக்கிறது டீச்சர். அதுவும் சேலம் மாவட்டத்துக்கென்றே ஒரு நாளை எடுத்து வைக்கச் சொன்னால், நான் இந்தத் தேதியைத்தான் சொல்வேன். இந்த மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் முப்பது வருடத்துக்கு மேல் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காந்தி மைதானத்தில் மாவட்டப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வெயிலில் நின்ற நாட்கள் ஏராளம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

2016 செப்டம்பர் 9, வெள்ளிக்கிழமை. பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோவில், மாற்றுத்திறனாளிகளுக்கான ஒலிம்பிக்கான பாராலிம்பிக் நடந்துகொண்டிருந்தது. ஆண்கள் உயரம் தாண்டுதல், காலில் பாதிப்பு உள்ளவர்களுக்கான டி42 பிரிவு. 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார் மாரியப்பன் தங்கவேலு. ஊர் பெரியவடகம்பட்டி, தீவட்டிப்பட்டிப் பக்கம். உங்கள் மலையின் மேற்குச் சரிவுக்குக் கீழே, ஓமலூரைத் தாண்டித் தர்மபுரி போகிற வழி. உங்கள் பிள்ளைகளில் சிலருக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள்கூட இருப்பார்கள்.

அவர் 1995-ல் பிறந்தவர். ஐந்து வயதில் பள்ளிக்கு நடந்து போய்க்கொண்டிருந்தபோது பேருந்து ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிவிட்டது. அந்தக் கால் அதற்குப் பிறகு சரியாக வளரவில்லை. அப்பா இல்லாத வீட்டில் அம்மாதான் செங்கல் சுமந்து, பிறகு காய்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார். மகனின் வைத்தியத்துக்கு மூன்று லட்ச ரூபாய் கடன் வாங்கினார். அந்தக் கடன் பல வருடம் அந்தக் குடும்பத்தின் மேல் இருந்தது. இதை நான் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. ஒரு பையன் தினமும் பயிற்சிக்குப் போகிறான் என்றால் அந்த நேரத்துக்கு அவன் வேலைக்குப் போகவில்லை என்று அர்த்தம். அந்தக் கூலியை யாரோ ஒருவர் விட்டுக்கொடுக்கிறார். அதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பள்ளியில் அவர் முதலில் ஆடியது வாலிபால். உயரம் தாண்டிப் பார் என்று சொன்னது அவருடைய உடற்கல்வி ஆசிரியர். பதினான்கு வயதில் ஒரு போட்டியில், கால் நன்றாக இருக்கிற பையன்களோடு சேர்ந்து தாண்டி இரண்டாவதாக வந்தார். இந்த இடத்தில் வாசிக்கிற மாணவர் ஒரு நொடி நிறுத்தி வாசித்தால் நல்லது. பாராலிம்பிக் என்ற பெயரே அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லாத வயது அது. 2013-ல் தேசிய அளவிலான மாற்றுத்திறனாளிகள் தடகளப் போட்டியில் பயிற்சியாளர் சத்யநாராயணா அவரைப் பார்த்தார். அப்புறம் பெங்களூருவில் பயிற்சி. 2016 மார்ச்சில் துனிசியாவில் 1.78 மீட்டர் தாண்டி ரியோவுக்குத் தகுதி பெற்றார். தேவையான உயரம் 1.60 மீட்டர்தான். ஆறே மாதத்தில் அந்த 1.78, 1.89 ஆனது. உயரம் தாண்டுதலில் 11 சென்டிமீட்டர் என்பது எவ்வளவு பெரிய தூரம் என்று தாண்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு சென்டிமீட்டருக்காக ஒரு வருடம் உழைக்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் போட்டியிலேயே இன்னொரு இந்தியர் வருண் சிங் பாட்டி வெண்கலம் வாங்கினார். அவரும் அமெரிக்காவின் சாம் குரூவும் தாண்டியது ஒரே உயரம்தான், 1.86 மீட்டர். ஆனாலும் வெள்ளி அமெரிக்கருக்குப் போனது. பிள்ளைகள் கட்டாயம் "ஏன் சார், ரெண்டு பேரும் ஒரே உயரம்தானே?" என்று கேட்பார்கள். விதி இதுதான். ஒவ்வொரு உயரத்துக்கும் மூன்று வாய்ப்பு. தொடர்ந்து மூன்று முறை குச்சியைத் தட்டிவிட்டால் வெளியேற வேண்டும். இரண்டு பேர் ஒரே உயரத்தில் நின்றுவிட்டால், கடைசியாகத் தாண்டிய அந்த உயரத்தில் குறைவான முயற்சியில் தாண்டியவர் முன்னால். அதிலும் சமம் என்றால் அதுவரை மொத்தமாகத் தட்டிவிட்ட கணக்கைப் பார்ப்பார்கள். அதனால்தான் நல்ல பயிற்சியாளர்கள் சின்ன உயரத்தில்கூட அலட்சியமாகத் தாண்ட விடமாட்டார்கள். நாற்பது நிமிடம் கழித்துப் பதக்கத்தைப் பறிப்பது, ஆரம்பத்தில் தட்டிவிட்ட அந்த ஒரு குச்சியாகவும் இருக்கலாம்.

டி42 என்றால் என்ன என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். ஓட்டம், தாண்டுதல் போட்டிகளில் எந்த உறுப்பில் எந்த அளவு பாதிப்பு என்பதை வைத்து எண் கொடுத்துப் பிரிக்கிறார்கள், சமமானவர்கள் சமமானவர்களோடு மோத வேண்டும் என்பதற்காக. பின்னால் வந்த டோக்கியோ, பாரிஸ் போட்டிகளில் அவர் தாண்டிய பிரிவுக்கு டி63 என்று பெயர். செயற்கைக் கால் வைத்துத் தாண்டுபவர்களும் அதில் சேர்ந்தே வருவார்கள்.

இந்தத் தங்கத்துக்கு முன்னால் பாராலிம்பிக்கில் தனிநபர் தங்கம் வாங்கிய இந்தியர்கள் இரண்டே பேர். 1972-ல் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் 50 மீட்டர் நீச்சலில் முரளிகாந்த் பெட்கர். அவர் 1965 போரில் குண்டடி பட்ட ராணுவ வீரர். அடுத்து 2004 ஏதென்ஸில் ஈட்டி எறிந்த தேவேந்திர ஜஜாரியா. மூன்றாவது நம் பெரியவடகம்பட்டிக்காரர். 2017-ல் பத்மஸ்ரீ, அர்ஜுனா இரண்டும் வந்தன. 2020-ல் கேல் ரத்னா.

ஒரு சின்ன எச்சரிக்கை. சில இடங்களில் இந்தத் தங்கத்துக்குச் செப்டம்பர் 10 என்று போட்டிருப்பதைப் பார்ப்பீர்கள். குழம்ப வேண்டாம். ரியோ கடிகாரம் நம்மைவிட எட்டரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. போட்டி நடந்த ஊரின் தேதியைத்தான் எழுதுவது முறை. அந்த ஊரில் அது ஒன்பதாம் தேதி.

இப்போது இதே தேதியில் வேறு ஒரு வெள்ளிக்கிழமைக்குப் போகலாம். 1960 செப்டம்பர் 9, ரோம் ஒலிம்பிக், ஹாக்கி இறுதிப் போட்டி. இந்தியாவும் பாகிஸ்தானும். 1928-ல் ஆம்ஸ்டர்டாமில் முதல் முறை ஆடியதிலிருந்து அந்த நாள் வரை இந்தியா ஒலிம்பிக் ஹாக்கியில் ஒரு போட்டியில்கூடத் தோற்றதில்லை. 1928, 1932, 1936, 1948, 1952, 1956 என்று ஆறு தங்கம். நடுவில் உலகப்போர் வந்து இரண்டு ஒலிம்பிக் நடக்காமல் போனது. நாடு இரண்டாகப் பிரிந்தது. இந்திய அணியில் ஆடியிருக்க வேண்டிய எத்தனையோ பேர் எல்லைக்கு அந்தப் பக்கம் போனார்கள். அப்போதும் தங்கம் நின்றபாடில்லை. 1956 மெல்போர்ன் இறுதிப் போட்டியில் பாகிஸ்தானை 1-0 என்று வென்றார்கள். நாலு வருடம் கழித்து ரோமில் அதே 1-0, ஆனால் திசை மாறிவிட்டது. நசீர் அகமது அடித்த ஒரே ஒரு கோல். அதற்குப் பதில் கோல் போட இந்தியாவால் முடியவில்லை. கேப்டன் லெஸ்லி கிளாடியஸ். மூன்று தங்கம் ஏற்கெனவே வாங்கியிருந்த மனிதர், நாலாவதாக வெள்ளியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தார்.

தோல்வியை ஏன் பிள்ளைகளிடம் வாசிக்க வேண்டும் என்று யாராவது கேட்கலாம். என் அபிப்பிராயம், கட்டாயம் வாசிக்க வேண்டும். முப்பத்திரண்டு வருடம் தோற்காத அணி ஒரு நாள் தோற்றது. நான்கு வருடம் கழித்து 1964-ல் டோக்கியோவில் அதே பாகிஸ்தானை அதே 1-0 கணக்கில் வென்று தங்கத்தைத் திருப்பிக்கொண்டு வந்தது. மூன்று இறுதிப் போட்டி, மூன்றிலும் ஒரே ஒரு கோல் வித்தியாசம். கரும்பலகையில் 1956, 1960, 1964 என்று மூன்று வருடத்தையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிப் பக்கத்தில் யார் ஜெயித்தது என்று போட்டுக் காட்டினாலே போதும், கதை தானாக ஓடும். நம் மாநிலத்து வாசுதேவன் பாஸ்கரன் கேப்டனாக இருந்து 1980 மாஸ்கோவில் வாங்கிய தங்கம்தான் இந்திய ஹாக்கிக்குக் கடைசி ஒலிம்பிக் தங்கம். அதற்குத் தேதி ஜூலை 29. அதை அடுத்த வருடத்துக்குக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ரோமை விட்டு உடனே கிளம்ப வேண்டாம். எனக்கு இந்தத் தேதியில் மிகவும் பிடித்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஹாக்கி இறுதிப் போட்டி முடிந்து ஒன்பதே நாளில், 1960 செப்டம்பர் 18 அன்று, அதே ரோம் நகரத்தில் இன்னொரு போட்டி தொடங்கியது. 23 நாடுகளிலிருந்து சுமார் 400 பேர், எல்லோரும் சக்கர நாற்காலியில் வந்தவர்கள். அதைத்தான் இன்று முதல் பாராலிம்பிக் என்று சொல்கிறார்கள். அதற்கு விதை போட்டவர் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்த யூதர். உலகப்போரில் முதுகுத்தண்டு அடிபட்ட வீரர்கள் அவருடைய ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் இருந்தார்கள். அவர்களைப் படுக்கையிலேயே கிடக்க விடாமல் விளையாட வைத்தார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், பதினாறு பேரை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். அங்கே தொடங்கியதுதான் பன்னிரண்டு வருடத்தில் ரோமுக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் 1960-ல் மாரியப்பன் மாதிரி ஒருவர் அங்கே போயிருந்தால் அவருக்கு இடமில்லை. முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அந்தப் போட்டி. கை கால் இழந்தவர்களையும் பார்வை இல்லாதவர்களையும் சேர்த்தது 1976-ல், கனடாவின் டொரண்டோவில். இந்தியா முதல் முறை ஆள் அனுப்பியது 1968-ல். ஆக, ரோமில் ஒரு செப்டம்பர் 9-ல் ஹாக்கியில் நாம் தோற்றதைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். அடுத்த வாரம் அதே ஊரில் தொடங்கிய போட்டி நம் நாட்டில் யார் கண்ணிலும் பட்டிருக்காது. 56 வருடம் கழித்து இன்னொரு செப்டம்பர் 9-ல் அந்தப் போட்டியில்தான் சேலத்துக்குத் தங்கம் கிடைத்தது. தேதிகளைத் துண்டு துண்டாகப் பட்டியல் போட்டால் இந்த ஓட்டம் தெரியாமலே போய்விடும். அதனால்தான் பத்து நிகழ்ச்சிகளைப் படபடவென்று வாசிக்கச் சொல்லாதீர்கள் என்று எல்லா ஆசிரியர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். ஒன்றையோ இரண்டையோ முழுதாகச் சொன்னால் போதும்.

ஹாக்கித் தோல்விக்கு ஒரு ஜோடி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1972 மியூனிக் ஒலிம்பிக், கூடைப்பந்து இறுதிப் போட்டி, அமெரிக்காவும் சோவியத் யூனியனும். அமெரிக்காவில் டிவி பார்ப்பவர்களுக்குத் தோதாக இருக்க வேண்டும் என்று மியூனிக் நேரத்தில் செப்டம்பர் 9 இரவு பதினொன்றே முக்காலுக்குத் தொடங்கினார்கள். 1936-ல் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து வந்ததிலிருந்து அமெரிக்கா அதுவரை ஒரு போட்டியிலும் தோற்றதில்லை. கடைசி மூன்று வினாடி இருக்கும்போது அமெரிக்கா 50-49 என்று முன்னால். அந்த மூன்று வினாடியைத் திரும்பத் திரும்ப மூன்று முறை ஆட விட்டார்கள். மூன்றாவது முறை எடெஷ்கோ ஒரு முனையிலிருந்து வீசிய பந்தை அலெக்சாண்டர் பெலோவ் மறுமுனையில் பிடித்துக் கூடையில் போட்டார். 51-50. அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கத்தை வாங்க வரவே இல்லை. இன்று வரை வாங்கவில்லை. பந்து கூடையில் விழுந்தபோது மியூனிக்கில் தேதி பத்து ஆகிவிட்டது, ஆட்டம் தொடங்கியது ஒன்பதில். பேஸ்கட்பால் ஆடுகிற பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருந்தால் இதைக் கதையாகச் சொல்லுங்கள், கண் இமைக்காமல் கேட்பார்கள். தோற்றதே இல்லை என்ற பெருமையோடு வந்த இரண்டு அணிகள், ஹாக்கியில் நாமும் கூடைப்பந்தில் அமெரிக்காவும், பன்னிரண்டு வருட இடைவெளியில் ஒரே தேதியில் இறங்கிய ஆட்டத்தில் அதை இழந்திருக்கிறோம். ரோமில் தோற்றவர்கள் மேடையேறி வெள்ளியை வாங்கிக்கொண்டார்கள். மியூனிக்கில் நடந்தது வேறு. எது சரி என்று வகுப்பில் விவாதிக்க விடலாம். கடைசி மூன்று வினாடியில் அவ்வளவு குளறுபடி நடந்திருக்கும்போது அமெரிக்கர்களின் கோபத்தையும் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

இனி சச்சின். நீங்கள் கண்டுபிடித்தது சரியான தகவல்தான். 1994 செப்டம்பர் 9, கொழும்பு பிரேமதாசா மைதானம், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 130 பந்தில் 110 ரன். இந்தியா 31 ரன்னில் ஜெயித்தது. அதுவும் வெள்ளிக்கிழமையே. 1960, 1994, 2016 மூன்றுக்கும் காலண்டரை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு ஒரு கணக்குப் பயிற்சியும் ஆச்சு.

ஆனால் 'சச்சின் முதல் ஒருநாள் சதம்' என்று மட்டும் வாசித்தால் அதில் உள்ள சாரம் வராது. அது அவருடைய 79-வது ஒருநாள் போட்டி. அதற்கு முன்னால் டெஸ்ட் போட்டிகளில் ஏழு சதம் அடித்துவிட்டார். பதினேழு வயதில் மான்செஸ்டரில் தொடங்கி, சிட்னி, பெர்த் என்று எங்கே போனாலும் அடித்தவர். ஒருநாள் போட்டியில் மட்டும் ஐந்து வருடமாக மூன்று இலக்கம் வரவில்லை. காரணம் எளிது. அவர் நடுவரிசையில் இறங்கிக்கொண்டிருந்தார். அவர் முறை வருவதற்குள் ஓவர் தீர்ந்திருக்கும். 1994 மார்ச் 27 அன்று ஆக்லாந்தில் தொடக்க ஆட்டக்காரர் சித்துவுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டு ஆட முடியாமல் போனது. நான் முதலில் இறங்குகிறேன் என்று சச்சின் கேட்டு வாங்கிக்கொண்டார். 49 பந்தில் 82. அதற்குப் பிறகு பெரும்பாலும் அதுவே அவருடைய இடமானது. ஐந்தரை மாதத்தில் கொழும்பில் முதல் சதம். பதினெட்டு வருடத்தில் அது 49 ஆனது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நான் இதில் சொல்ல விரும்புவது, 78 போட்டி காத்திருந்தார் என்ற எண்ணைத்தான். அவரே கேட்டு வாங்கிய ஒரு வாய்ப்பில்தான் எல்லாம் மாறியது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். மறுநாள் காலையில் ஸ்டாஃப் ரூமில் பேப்பரை வைத்துக்கொண்டு, "இன்னைக்குத்தான் முதல் சதமா? அப்போ இத்தனை நாள் அடிக்கலையா?" என்று எங்களுக்குள் கேட்டுக்கொண்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. எங்களில் யாருமே நம்பவில்லை.

டென்னிஸ் ஏன் இந்தத் தேதியில் இவ்வளவு வருகிறது என்றால், அமெரிக்க ஓபன் பெரும்பாலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்தை ஒட்டித்தான் முடியும். 1990-ல் பீட் சாம்ப்ராஸ் பத்தொன்பது வயதில் அகஸியை நேர் செட்டில் வென்று முதல் பட்டம் வாங்கியதும், 2001-ல் அதே சாம்ப்ராஸ் இருபது வயது ஹெவிட்டிடம் தோற்றதும், 2007-ல் ஃபெடரர் அங்கே தொடர்ந்து நாலாவது முறை ஜெயித்ததும், 2023-ல் கோகோ காஃப் பத்தொன்பது வயதில் சபலென்காவை வென்றதும் செப்டம்பர் 9-ல்தான். இவற்றையெல்லாம் விட்டுவிட்டாலும் குறையில்லை. ஆனால் 1968-ல் நடந்ததை விடாதீர்கள். அந்த வருடம்தான் தொழில்முறை ஆட்டக்காரர்களும் மற்றவர்களும் சேர்ந்து ஆட முதல் முறை அனுமதித்தார்கள். ஜெயித்தவர் ஆர்தர் ஆஷ், அமெரிக்க ராணுவத்தில் லெப்டினன்டாக இருந்த கறுப்பின இளைஞர். டாம் ஓக்கரை ஐந்து செட்டில் வென்றார். முதல் செட் மட்டும் 14-12 வரை போனது. பரிசு 14,000 டாலர். ஆஷ் தொழில்முறை ஆட்டக்காரராகப் பதிவு செய்யாதவர் என்பதால் அந்தப் பணத்தைத் தொட முடியாது. தோற்ற ஓக்கர் வாங்கிக்கொண்டு போனார். நிறத்தைக் காரணம் காட்டிப் பல மைதானங்களில் நுழையவே விடாத ஊரில் பிறந்து வளர்ந்தவர், நாட்டின் பட்டத்தை வென்ற நாள் அது.

அடுத்து கிரிக்கெட் பந்துவீச்சாளர் நடராஜன். சேலம் என்றதும் உங்கள் பையன்கள் அவர் பெயரைத்தான் கேட்பார்கள். சின்னப்பம்பட்டிக்காரருக்கு இந்தத் தேதியில் ஒன்றுமில்லை, ஆனால் வேறு மாதங்களில் இருக்கிறது. அவற்றையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2020 டிசம்பர் 2 அன்று கான்பராவில் முதல் ஒருநாள் போட்டி, முதல் விக்கெட் லபுஷேன். டிசம்பர் 4 அன்று அதே ஊரில் முதல் டி20, 30 ரன்னுக்கு மூன்று விக்கெட். 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட், முதல் இன்னிங்சில் 78 ரன்னுக்கு மூன்று விக்கெட். வலைப்பயிற்சியில் பந்து போடக் கூட்டிக்கொண்டு போனவர், ஒரே பயணத்தில் மூன்று வகைப் போட்டியிலும் அறிமுகமானார். அந்த பிரிஸ்பேன் டெஸ்டில் ஜனவரி 19 அன்று இந்தியா 328 ரன்னைத் துரத்தி ஜெயித்தது. அந்த மைதானத்தில் ஆஸ்திரேலியா 1988-க்குப் பிறகு அதுவரை தோற்றதே இல்லை. அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, டிசம்பர் 19 அன்று, அடிலெய்டில் இந்தியா 36 ரன்னுக்குச் சுருண்டிருந்தது. டென்னிஸ் பந்தில் ஊர் ஊராகப் போய் ஆடி வளர்ந்தவர், இப்போது சின்னப்பம்பட்டியிலேயே மைதானம் கட்டி வைத்திருக்கிறார். ஜனவரி 19-ஐ எந்த வகுப்புக்கும் விட்டுக்கொடுக்காமல் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மாரியப்பனின் மற்ற இரண்டு பதக்கங்களும் இதே பருவத்தில்தான். 2021 ஆகஸ்ட் 31 அன்று டோக்கியோவில் வெள்ளி, 1.86 மீட்டர். அன்று அங்கே மழை. பாதிக்கப்பட்ட காலில் போட்டிருந்த சாக்ஸ் நனைந்துவிட்டதால் 1.88-ஐத் தாண்ட முடியவில்லை என்று அவரே பின்னால் சொன்னார். 2024 செப்டம்பர் 3 அன்று பாரிஸில் வெண்கலம், 1.85 மீட்டர். அங்கே இரவு, நமக்கு நள்ளிரவு தாண்டிவிட்டது. மூன்று பாராலிம்பிக்கிலும் விடாமல் பதக்கம். ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் 9 வரை பத்து நாளைச் சேலத்துக்காரர் ஒருவர் தன் பெயருக்கு எழுதி வாங்கியிருக்கிறார்.

இப்போது வாசிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு நிமிடம்தான் கிடைக்கும் என்றால் மாரியப்பனை முதலில் வைத்து, ரோம் 1960-ல் ஹாக்கியையும் முதல் பாராலிம்பிக்கையும் சேர்த்துச் சொல்லி, சச்சினை ஒரு வரியில் முடியுங்கள். மற்றதெல்லாம் வகுப்பறைக்கு.

வாசித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளியில் இதைச் செய்தேன், வாசித்த எதையும்விட இதுதான் பிள்ளைகள் மனதில் நின்றது. அளவு நாடாவை எடுத்துச் சுவரில் தரையிலிருந்து 1.89 மீட்டரில் ஒரு கோடு போடுங்கள். அடிக் கணக்கில் ஆறடி இரண்டரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குக் கீழே 1.86, அதற்கும் கீழே 1.85. மூன்று கோட்டுக்கும் சேர்த்து இடைவெளி நாலு சென்டிமீட்டர், கிட்டத்தட்ட இரண்டு விரல் அகலம்தான். தங்கமும் வெள்ளியும் வெண்கலமும் அந்த இரண்டு விரலுக்குள் இருக்கிறது. வகுப்பிலேயே உயரமான பையனைக் கோட்டுக்குக் கீழே நிற்க வையுங்கள். அவன் தலைக்கு மேலே கோடு இருக்கும். ஒரு கால் வளராத மனிதர் அந்தக் கோட்டுக்கு மேலே தன் உடம்பு முழுவதையும் கொண்டுபோய் இறக்கினார் என்பது அப்போதுதான் புரியும். என் பள்ளியில் அந்தக் கோட்டைப் பார்த்ததும் ஒரு பெண் பிள்ளை தன் உயரத்தை அளந்து பார்த்துவிட்டு, "சார், என் தலைக்கு மேல இன்னொரு ஜாண்" என்றாள். அந்த வருடம் வட்டாரப் போட்டிக்கு உயரம் தாண்டுதலில் பெயர் கொடுத்தவர்களில் அவளும் ஒருத்தி.

ஆர்வத்தில் பிள்ளைகள் அன்றைக்கே தாண்டிப் பார்க்கத் துடிப்பார்கள். ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். நம் பள்ளிகளில் பெரும்பாலும் மணல் குழிதான் இருக்கும். டிவியில் பார்க்கிற மாதிரி முதுகைத் திருப்பிக்கொண்டு தாண்டுவது ஃபோம் மெத்தை இருந்தால் மட்டும்தான். மணலில் அப்படி விழுந்தால் கழுத்தும் முதுகும் போய்விடும். மணல் குழியில் கத்தரி மாதிரி கால்களை மாற்றிப் போட்டு, காலில் இறங்குகிற முறை மட்டும் போதும். இந்த விஷயத்தில் எந்தப் பிள்ளைக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

உங்கள் ஊரில் செப்டம்பரில் மழையும் பனிமூட்டமும் இருக்கும். வெளிச்சுவரில் சாக்பீஸால் போட்டால் மறுநாளே ஈரத்தில் அழிந்துவிடும். தலைமை ஆசிரியரிடம் கேட்டு, வராண்டாச் சுவரில் பெயின்ட்டில் போடுங்கள். கோட்டுக்குப் பக்கத்தில் 1.89 என்று எழுதி, அதன் கீழே அவர் பெயரையும், நாட்டின் பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். பெரியவடகம்பட்டி.